பொங்கலுக்கு 40 பேர், மாசியில் 6 பேர்

கேள்வி: பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்காக எங்கள் ஊரில் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். அந்த நாலு நாளில் 40 பேர் கண்மாய்க்குப் போய், பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யும் இணையதளமான இ-பேர்டில் பட்டியல் போட்டார்கள். மாசி பிறந்ததும் 6 பேர்தான் மிச்சம். அதிகப் பட்டியல் போடுபவருக்குப் பரிசு என்று அறிவிக்கலாமா?
– ஒரு வாசகி, சிவகங்கை

பதில்: 6 பேர் மிஞ்சியிருக்கிறார்களா? பரவாயில்லையே! இணையத்தில் நடக்கும் இந்த மாதிரி வேலைகளில் பெரும்பாலான உழைப்பு எப்போதுமே கொஞ்சம் பேருடையதுதான். எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர் போட்ட 15 நிமிடப் பட்டியலும் கணக்கில் சேரும், வீணாகாது.

பரிசு வேண்டாம். பழைய கப்பல் பதிவேடுகளைத் தன்னார்வலர்கள் படித்து வானிலைக் குறிப்புகளைத் தட்டச்சு செய்யும் ‘ஓல்ட் வெதர்’ இணையத் திட்டம் 2010-இல் வந்தது. அதில் ஒரு கப்பலுக்கு அதிகம் எழுதியவர்தான் கேப்டன். சிலருக்கு அது வேகம் கொடுத்தது, சிலரோ ‘இவரை இனி எங்கே பிடிப்பது’ என்று விட்டுவிட்டார்கள். நம் விஷயத்தில் இன்னொரு வம்பும் உண்டு, பரிசுக்காகப் பார்க்காத பறவையும் பட்டியலில் ஏறிவிடும்.

சரி, பொங்கலுக்கு அப்புறம் அந்த 34 பேரிடம் ஏதாவது பேசினீர்களா? ஒருவர் கண்மாயில் 300 நத்தைகுத்தி நாரை என்று போட்டிருப்பார், ‘எண்ணிக்கை வழக்கத்தைவிட அதிகமாக இருக்கிறதே, விவரம் தர முடியுமா’ என்று இ-பேர்டில் பட்டியல்களைச் சரிபார்ப்பவரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும், ‘நான் என்ன பொய்யா சொல்கிறேன்’ என்று அன்றோடு ஆளைக் காணோம். ஒரு போன் போடுங்கள். அது எல்லாருக்கும் வருகிற கேள்விதான், எப்படி எண்ணினோம் என்று இரண்டு வரி எழுதினால் போதும் என்று சொல்லுங்கள்.

கேள்வி என்றதும் இன்னொரு கதை. 2007-இல் ‘கேலக்ஸி ஜூ’ என்ற இணையத் திட்டத்தில் தன்னார்வலராக விண்மீன் மண்டலங்களின் படங்களை வகைப்படுத்திக்கொண்டிருந்த நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்கெல், ஒரு படத்தில் இருந்த நீலத் தீற்றலைக் காட்டி இது என்ன என்று கேட்டார். விஞ்ஞானிகளுக்கும் தெரியவில்லை. ஆனால் அவர்கள் அந்தக் கேள்வியை ஒதுக்கிவிடாமல் தொலைநோக்கிகளை அந்தப் பக்கம் திருப்பினார்கள். 2009-இல் வந்த ஆய்வுக் கட்டுரையில் அந்த ஆசிரியையின் பெயரும் இருந்தது. அந்தத் தீற்றலுக்கே இன்று ‘ஹன்னியின் பொருள்’ என்றுதான் பெயர்.

உங்கள் குழுவிலும் கேட்கப்படாமல் கிடக்கும் கேள்விகள் இருக்கும். வலசை வந்த வாத்துகளைக் கடைசியாக யார் பார்த்தது, எந்தத் தேதியில் என்று இந்த வாரம் நீங்களே கேட்டுப் பாருங்கள். வருகிற பதில்களை அந்த 6 பேரில் ஒருவர் தொகுத்துப் போடட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.