அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங்கின் ‘ரிப் வான் விங்கிள்’ சிறுகதை ஜெர்மன் கதையிலிருந்து சுட்டதா? அப்புறம் ஏன் அவரை இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

சுட்டதுதான். பீட்டர் கிளவுஸ் என்ற ஆட்டிடையன் மலையில் மது குடித்துத் தூங்கி, இருபது வருடம் கழித்து ஊர் திரும்பும் ஜெர்மன் நாட்டுப்புறக் கதை இர்விங்குக்கு முன்பே அச்சில் வந்துவிட்டது. எலும்பு அங்கிருந்து வந்தது, சதை இவருடையது.

எனக்கு இது கல்லூரியில் நான்-டீடெயில் பாடம். பெண்டாட்டி திட்டுக்குப் பயந்து மலைக்கு ஓடி, அங்கே இருபது வருடம் தூங்கிய சோம்பேறி ரிப் என்று சிரித்துவிட்டு, பரீட்சையோடு மறந்தேன். பல வருடம் கழித்துப் படித்தபோதுதான் ரிப்பின் ஊர் விடுதியில் தொங்கும் பலகை கண்ணில் பட்டது. ரிப் தூங்கப் போகும்போது அதில் அப்போது அமெரிக்காவை ஆண்ட பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் படம். திரும்பி வந்தால் முகம் அதேதான். சிவப்புக் கோட்டு நீலமாகி, செங்கோல் வாளாகி, கீழே ‘ஜெனரல் வாஷிங்டன்’ என்று எழுதியிருக்கிறது. ஒரு நாட்டின் விடுதலையையே பெயிண்டர் வேலையாக்கிவிட்டார் மனிதர்! நடந்தது எதுவும் தெரியாத ரிப், தேர்தல் கூட்டத்தில் போய் ‘நான் ராஜாவின் விசுவாசமான பிரஜை’ என்கிறான். உளவாளி என்று ஊரே கத்துகிறது. இது ஜெர்மன் கதையில் ஏது?

இர்விங் பிறந்தது நியூயார்க்கில், 1783இல். பெயரே அந்த ஜெனரலின் நினைவாக வைத்ததுதான். 1818இல் லிவர்பூலில் குடும்ப வியாபாரம் திவாலான பிறகு, பேனாவை நம்பிப் பிழைக்க வேண்டிய நிலை. பர்மிங்ஹாமில் அக்கா வீட்டில் உட்கார்ந்து ரிப்பை எழுதினார். கதை நடக்கும் நியூயார்க் மாநிலக் கேட்ஸ்கில் மலையில் அதுவரை கால் வைத்ததே இல்லை. 17 வருட ஐரோப்பிய வாசம் முடிந்து 1832இல்தான் ஊர் திரும்பினார். கிட்டத்தட்ட ரிப் கணக்கு.

நடையில் அவர் குறும்புக்காரர். 1809இல் தன் நியூயார்க் வரலாற்று நையாண்டி வருமுன், நிக்கர்பாக்கர் என்ற கிழவரைக் காணவில்லை என்று பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தார். அப்படி ஒருவர் இல்லவே இல்லை. புத்தகம் அந்தக் கிழவர் பெயரில் வெளிவந்தது. ரிப் கதையும் அவர் விட்டுப்போன காகிதங்களில் கிடைத்ததாகத்தான் சொல்லியிருப்பார்.

அடுத்து அவருடைய ‘ஸ்லீப்பி ஹாலோ’ கதையைப் படியுங்கள். தலையில்லாக் குதிரைவீரன் நிஜப் பேயா, வாத்தியார் இக்கபாட் கிரேனின் காதல் போட்டிக்காரன் பிராம் போன்ஸின் வேலையா என்று வாயைத் திறந்து சொல்லவே மாட்டார். எனக்கு என்னவோ பேயைவிட, இக்கபாட் தான் விரும்பும் பெண் வீட்டுப் பண்ணையைப் பார்க்கும் இடம்தான் பிடிக்கும். உயிரோடு திரியும் பன்றியும் வாத்தும் புறாவும் அவன் கண்ணுக்கு அப்படியே சமைத்துத் தட்டில் வைத்ததாகவே தெரியும்.