பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை அப்பாவுக்கும் வேண்டுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. நீண்ட காலமாகச் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் உண்டு. இரண்டுக்கும் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார். மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை. ஸ்டென்ட் வைத்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர் தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் சாப்பிடுவதைப் பார்த்து, அப்பாவும் சில ஆண்டுகளாக அதை மருந்துக் கடையில் தானே வாங்கிச் சாப்பிட்டு வருகிறார். மூட்டு வலிக்கும் அடிக்கடி மாத்திரை போடுகிறார். இப்போது நெஞ்செரிச்சலும் சோர்வும் இருக்கின்றன. ஆஸ்பிரினை நிறுத்தச் சொன்னால், "ரத்தம் கெட்டியாகி அடைப்பு வந்துவிடும், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதைத்தானே கொடுக்கிறார்கள்" என்கிறார். உடனே நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் தந்தைக்கு இந்த மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. ஆனாலும் அவருடைய இதயத்தில் வெளியே தெரியாத பாதிப்பு ஏதும் இல்லை என்பதை ஒரு மருத்துவர் உறுதிசெய்த பிறகு நிறுத்துவதே முறை. அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். நெஞ்செரிச்சலோடு சோர்வும் சேர்ந்திருப்பதால் இந்த வாரத்திலேயே அழைத்துச் செல்லுங்கள்.

ஆஸ்பிரினை "ரத்தத்தை இளக்கும் மாத்திரை" என்று எல்லோரும் சொல்கிறோம், மருத்துவர்களாகிய நாங்களும் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது ரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தூண்டும் ஒரு வேதிப்பொருளின் உற்பத்தியை அது தடுக்கிறது. ஒருமுறை ஆஸ்பிரின் பட்ட தட்டணு, தன் ஆயுள் முடியும் வரை, அதாவது ஏழு முதல் பத்து நாள் வரை, அந்தத் திறனைத் திரும்பப் பெறுவதில்லை. 75 மில்லிகிராம் என்ற சிறிய அளவே போதுமானதாக இருப்பதற்கு இதுவே காரணம். மாத்திரையை நிறுத்தினால் புதிதாக உருவாகும் தட்டணுக்கள் வழக்கமான நிலைக்குத் திரும்புமே தவிர, ரத்தம் இயல்பைவிடக் "கெட்டியாகி"விடாது.

தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதை இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும். இதய ரத்தக் குழாயில் உள்ள கொழுப்புப் படிவு வெடிக்கும் இடத்தில் அவை திரண்டால் மாரடைப்பு வருகிறது. இரைப்பையில் ஒரு சிறு புண் ஏற்படும்போது அவை திரளாவிட்டால் ரத்தக் கசிவு நிற்பதில்லை. ஆஸ்பிரின் இவ்விரண்டையும் பிரித்தறியாது. ஆகவே ஒருவருக்கு முதல் ஆபத்து பெரிதா, இரண்டாவது ஆபத்து பெரிதா என்பதைப் பொறுத்தே அந்த மாத்திரை அவருக்கு நன்மையா தீமையா என்று முடிவாகிறது.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு முதல் ஆபத்தே பெரிது. ஏற்கெனவே மாரடைப்போ, ரத்தக் குழாய் அடைப்பால் பக்கவாதமோ வந்தவர்களை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2009 இல் வெளியான அலசலில், ஆண்டுக்கு 8.2 சதவீதமாக இருந்த கடுமையான இதய, ரத்தக் குழாய்ப் பாதிப்புகள் ஆஸ்பிரினால் 6.7 சதவீதமாகக் குறைந்தன. ஆகவே ஸ்டென்ட் வைத்தவர்களும், பைபாஸ் செய்துகொண்டவர்களும் இந்தப் பதிலைப் படித்துவிட்டு ஒரு நாள்கூட அந்த மாத்திரையை விட்டுவிடக் கூடாது. பல் பிடுங்கப் போகிறோம் என்பதற்காகத் தாமாகவே நிறுத்திவிட்டு, ஸ்டென்ட் அடைத்த நிலையில் அவசரப் பிரிவுக்கு வருபவர்கள் உண்டு.

மாரடைப்பே வராதவர்களின் நிலை வேறு. அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்களிடம் நடத்தி 1989 இல் முழுமையாக வெளியான ஆய்வு, ஆஸ்பிரின் முதல் மாரடைப்பையும் வெகுவாகக் குறைக்கிறது என்று காட்டியது. நடுத்தர வயதைத் தாண்டிய எல்லோரும் ஒரு மாத்திரை போடலாம் என்ற எண்ணம் அதன் பிறகு உலகெங்கும் வேரூன்றியது. அப்போது கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை. அவையும் நல்ல ரத்தக் கொதிப்பு மருந்துகளும் வந்த பிறகு, ஆஸ்பிரின் கூடுதலாகச் செய்வதற்கு அதிகம் மிச்சமில்லை என்பதை 2018 இல் வெளியான பெரிய ஆய்வுகள் வெளிப்படுத்தின. அவற்றில் இரண்டு உங்கள் தந்தைக்கு நேரடியாகப் பொருந்துகின்றன.

பிரிட்டனில் நடந்த 'அசென்ட்' ஆய்வில், இதய நோய் இல்லாத 15,480 சர்க்கரை நோயாளிகள் சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் கண்காணிக்கப்பட்டார்கள். ஆஸ்பிரினால் கடுமையான இதய, ரத்தக் குழாய்ப் பாதிப்புகள் 9.6 சதவீதத்திலிருந்து 8.5 ஆகக் குறைந்தன. பெரிய ரத்தக் கசிவுகள் 3.2 சதவீதத்திலிருந்து 4.1 ஆக உயர்ந்தன. ஆயிரம் பேரில் பதினொரு பேர் தப்பித்தால், ஒன்பது பேருக்கு ரத்தம் கசிந்தது. பெரும்பாலும் 70 வயதைக் கடந்த 19,114 பேரிடம் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த 'ஆஸ்ப்ரீ' ஆய்வில் இந்தச் சமநிலைகூட இல்லை. இதயத்துக்குக் குறிப்பிடத்தக்க பாதுகாப்பு கிடைக்கவில்லை, பெரிய ரத்தக் கசிவு மட்டும் 38 சதவீதம் கூடியது. அதே ஆய்வில் பங்கேற்றவர்களைப் பற்றி 2023 இல் வெளியான அலசல், ஆஸ்பிரின் சாப்பிட்ட முதியவர்களுக்கு ரத்தசோகை வரும் வாய்ப்பு 20 சதவீதம் அதிகம் என்றது. உங்கள் தந்தையின் சோர்வை வயதின் மீது போட்டுவிட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிறார்கள் என்று அவர் சொல்வது உண்மை. தமிழக அரசு 2023 இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறிகளோடு வருபவருக்கு அங்கேயே ஆஸ்பிரின் உள்ளிட்ட மாத்திரைகளைக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அது மாரடைப்பு நிகழும் நேரத்தில் ஒருமுறை அதிக அளவில் கொடுப்பது. நலமாக இருப்பவர் ஆண்டுக்கணக்கில் தினமும் விழுங்குவதற்கு அது முன்மாதிரி ஆகாது.

ஆஸ்பிரினைவிட எனக்கு அதிகக் கவலை தருவது அந்த மூட்டு வலி மாத்திரைதான். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை ஆஸ்பிரினோடு சேரும்போது இரைப்பையில் ரத்தம் கசியும் வாய்ப்பு பல மடங்காகிறது. சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்துக்கும் அவை நல்லதல்ல. மருத்துவரைப் பார்க்கும் வரை அவற்றை நிறுத்திவிட்டு, வலி தாங்க முடியாதபோது பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் மாத்திரையின் மேற்பூச்சு வயிற்றைக் காப்பாற்றிவிடும் என்று நம்ப வேண்டாம், ஏனெனில் கசிவை உண்டாக்கும் வேலையில் பெரும்பகுதியை ஆஸ்பிரின் ரத்தத்தில் கலந்த பிறகே செய்கிறது.

மருத்துவரிடம் போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். ஹீமோகுளோபின் அளவையும், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்செரிச்சல் என்று நினைப்பது சில வேளைகளில் இதய வலியாக இருக்கலாம் என்பதாலும், சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மாரடைப்பு வந்து போயிருக்கலாம் என்பதாலும், ஈ.சி.ஜி.யும் தேவைப்பட்டால் எக்கோவும் எடுக்க வேண்டும். பழைய மாரடைப்பின் தடயம் தெரிந்தால் மேலே சொன்ன கணக்கு தலைகீழாகிவிடும். அப்போது ஆஸ்பிரின் தொடரும், வயிற்றைக் காக்க இன்னொரு மாத்திரையும் சேரும். அட்டையில் பெயருக்குப் பின்னால் 'ஏவி' என்று இருக்கிறதா என்றும் கவனியுங்கள். அது ஆஸ்பிரினும் அட்டோர்வாஸ்டாட்டினும் கலந்த மருந்து. அதை அப்படியே நிறுத்தினால், அவருக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஸ்டாட்டினும் சேர்ந்து நின்றுபோகும் என்பதால், தனி ஸ்டாட்டின் மாத்திரை எழுதித் தரக் கேளுங்கள்.

இதற்கிடையில் மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, வாந்தியில் காப்பித் தூள் நிறத்தில் ஏதேனும் தெரிந்தாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டினாலோ, நெஞ்சு அழுத்தி வியர்த்தாலோ, வெளிநோயாளிப் பிரிவு திறக்கும் வரை காத்திருக்காமல் 108 ஐ அழையுங்கள். டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரினும் மூட்டு வலி மாத்திரைகளும் ரத்தக் கசிவை மோசமாக்கும். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்று, தந்தை என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.