காட்டுக்கழுதையும் வீட்டுக்கழுதையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆப்பிரிக்கக் காட்டுக்கழுதை அழிவின் விளிம்பில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் கழுதைகள் உள்ளன. அவையும் இதன் வழிவந்தவைதானே? காட்டில் இருப்பது அற்றுப்போனால் வீட்டில் இருப்பதைக் கொண்டுபோய் விட்டுவிடலாமே. இதில் பதற என்ன இருக்கிறது?

க.

அன்புள்ள க.,

நீங்கள் மருந்தாகச் சொல்லும் வீட்டுக்கழுதை அங்கே நோயின் ஒரு பகுதி.

ஆப்பிரிக்கக் காட்டுக்கழுதையில் இரண்டு கிளைகள். நூபியக் கிளை காட்டில் அற்றுப்போய்விட்டது என்றே பலரும் கருதுகிறார்கள். இன்று மிஞ்சியிருப்பது சோமாலியக் கிளை. காலில் வரிக்குதிரைபோலக் கோடுகள் உள்ள விலங்கு அது. மரபணு ஆய்வுகளின்படி வீட்டுக்கழுதைகளின் மூதாதைகளில் ஒன்று நூபியக் கிளை. சோமாலியக் கிளைக்கு அந்தப் பங்கு இல்லை. ஆக, நம் கழுதைகளுக்கு இது பாட்டி அல்ல, பங்காளி. போனால் ஈடுகட்ட ஆள் இல்லை.

எரித்ரியாவிலும் எத்தியோப்பியாவிலும் தனாகில் பாலைப்பகுதியை ஒட்டித்தான் இவை இன்னும் இருக்கின்றன. வளர்ந்தவை 200-ஐத் தாண்டாது என்பது உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என்.-இன் மதிப்பீடு. வேட்டை ஒரு காரணம்: இறைச்சிக்காகவும் நாட்டு மருந்துக்காகவும் கொல்கிறார்கள். போர்களுக்குப் பின் துப்பாக்கி எளிதாகக் கிடைப்பதும் சேர்ந்துகொண்டது. ஆனால் எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது தண்ணீர்தான். பாலூட்டும் பெண் கழுதை தண்ணீரைவிட்டு அதிக தூரம் போக முடியாது. அதே ஊற்றுக்கு அந்தப் பகுதியில் வாழும் அஃபார் இன மேய்ப்பர்களின் ஆடும் ஒட்டகமும் வரும். அவர்களும் பிழைக்க வேண்டுமே, அவர்களைத் திட்டிப் பயனில்லை. ஆளும் மந்தையும் நிற்கும் இடத்துக்குக் காட்டுவிலங்கு வரத் தயங்கும். தாய்க்குத் தண்ணீர் இல்லையென்றால் குட்டிக்குப் பால் இல்லை. சுமார் ஒரு வருடம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும் விலங்கு, ஒரு வறட்சியில் அதை இழந்தால் மறுபடி எண்ணிக்கை கூடப் பல வருடம் ஆகும்.

அதே ஊற்றுக்கு மேய்ப்பர்களின் கழுதைகளும் வருகின்றன. இரண்டும் இணைந்தால் பிறக்கும் குட்டிக்கும் இனவிருத்தித் திறன் உண்டு. ஆயிரக்கணக்கில் இருந்தால் அந்தக் கலப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். சில பத்துகள் மட்டும் இருக்கும் இடத்தில், சில தலைமுறைகளிலேயே காட்டு மரபு கரைந்துவிடும்.

சரி, உயிரியல் பூங்காக்களில் இருப்பவை? சுவிட்சர்லாந்தின் பாசல் போன்ற இடங்களில் சோமாலியக் கிளையை வளர்த்து இனம் பெருக்குகிறார்கள். காட்டில் அற்றுப்போயிருந்த பிரசெவால்ஸ்கி என்ற காட்டுக்குதிரையை 1992 முதல் மங்கோலியாவுக்குத் திருப்பிக் கொண்டுவந்ததைப்போல இதையும் செய்யலாம், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் அந்த ஊற்றுகளில் யார் எப்போது தண்ணீர் குடிப்பது என்று அஃபார் மக்களோடு உட்கார்ந்து பேசி முடிக்காமல் கொண்டுபோய் விட்டால், விடப்படும் கழுதைகளுக்கும் இதே கதிதான்.