கண்டதும் கொண்டதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆறு ஆண்டுகளாகத் தியானம் செய்துவருகிறேன். சென்ற மாதம் ஒருநாள் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தபோது ‘நான்’ என்ற உணர்வே இல்லாமல் போயிற்று. எங்கும் ஒளி. சில நிமிடங்கள்தான். அத்வைதம் பயின்ற நண்பர் அதுவே ஆத்ம தரிசனம் என்கிறார். பௌத்தமோ ஆன்மா என்று ஒன்று இல்லை என்கிறது. நான் கண்டது எதை?

க.

அன்புள்ள க,

அந்தச் சில நிமிடங்களை நான் துளியும் சந்தேகிக்கவில்லை. ‘நான்’ மறைந்தது, ஒளி இருந்தது. இவ்வளவே உங்களுக்கு நேர்ந்தது. ஆன்மாவா, அனாத்மாவா என்பது கண்விழித்த பிறகு வந்த கேள்வி.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் மறைஞான அனுபவத்துக்குச் சொன்ன அடையாளங்களில் இரண்டு: சொல்லில் அடங்காமை, எதையோ அறிந்துவிட்டோம் என்ற உறுதி. இரண்டும் சேர்ந்து வருவதில்தான் சிக்கல். உறுதி பிறந்துவிடுகிறது, எதைப் பற்றியது என்று சொல்ல மொழி இல்லை. அந்த இடத்தில் நாம் முன்பே கற்றது வந்து அமர்ந்துகொள்கிறது. அனுபவம் நிகழும்போதே மரபு அதை வடிவமைத்துவிடுகிறது, தூய அனுபவம் என்பதே கிடையாது என்று 1978இல் வாதிட்டார் சமய ஆய்வாளர் ஸ்டீவன் காட்ஸ். அவ்வளவு தூரம் என்னால் போக முடியவில்லை. ‘நான்’ அடங்கும்போது கற்றதும் ஓரளவு அடங்கும் என்றே நம்புகிறேன்.

புத்தர் இதைத் தம் வாழ்விலேயே எதிர்கொண்டார். ஞானம் பெறுமுன் தம் ஆசிரியர்களில் ஆளார காலாமரிடம் ‘ஏதுமில்லை’ என்னும் தியான நிலையையும், உத்தக ராமபுத்தரிடம் அதனினும் நுண்ணிய நிலையையும் எட்டினார். இருவருமே தம் சீடர்களை வழிநடத்த அவரை அழைத்தார்கள். அவர் விடைபெற்றுக் கிளம்பினார். அந்த நிலைகளைப் பொய் என்று அவர் தள்ளவில்லை. அவை துக்கத்தின் வேரை அறுக்கவில்லை, அதுதான் அவருக்குப் போதவில்லை.

ஒளியைப் பற்றி 5ஆம் நூற்றாண்டிலேயே பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் எச்சரித்திருக்கிறார். விபஸ்ஸனா என்னும் உள்நோக்குத் தியானத்தில் எழும் பத்து மாசுகளை அவரது நூலான ‘விசுத்திமக்கம்’ வரிசைப்படுத்துகிறது. முதலாவதே ஒளி! பத்தாவது நிகந்தி, அதாவது மற்ற ஒன்பதின்மீதும் படியும் மெல்லிய பற்று. ‘அடைந்துவிட்டேன்’ என்று மனம் பற்றிக்கொள்வதால்தான் ஒளியும் மாசாகிறது.

வந்துபோன ஒன்றை நிலையான ஆன்மா என்பது எப்படி என்று பௌத்தர் உங்கள் நண்பரைக் கேட்பார். போனது காட்சி, கண்ட சாட்சி போகவில்லையே என்பார் அவர். நூற்றாண்டுகளாகத் தொடரும் இந்த வழக்கில் உங்கள் ஒளியைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. இரு தரப்பும் அதைத் தமக்குச் சாதகமாகவே படிக்கும்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை. அந்த நாளுக்குப் பிறகு யாரேனும் உங்களைக் கடிந்து பேசியபோது அந்த ‘நான்’ பழைய வேகத்திலேயே எழுந்ததா? மறுநாள் தியானத்தில் அமர்ந்தபோது மூச்சைக் கவனித்தீர்களா, ஒளியைத் தேடினீர்களா? பார்த்துவிட்டு எழுதுங்கள்.