படுக்கைப்புண் முதல் பாதப் பராமரிப்பு வரை: நர்சிங் தீசிஸ் கேள்வி பதில்

எம்.எஸ்ஸி. நர்சிங் மாணவிகள், வார்டு ஸ்டாஃப் நர்ஸ்கள், டியூட்டர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் படுக்கைப்புண்ணைச் சுற்றியே இருந்தன. அதனால் அதற்கு அதிக இடம். கேள்விகளைச் சற்றுச் சுருக்கியிருக்கிறேன்.

மேடம், ‘படுக்கைப்புண் தடுப்பு பற்றி ஸ்டாஃப் நர்ஸ்களுக்குப் பயிற்சி’ என்பது என் தலைப்பு. பிரீ டெஸ்ட், ஏழாம் நாள் போஸ்ட் டெஸ்ட், 60 சாம்பிள். கைடு சரி என்றுவிட்டார். போதுமா? (முதுநிலை இரண்டாமாண்டு)

பட்டம் வாங்கப் போதும். நோயாளிக்கு என்ன ஆனது என்று சொல்ல அது போதாது. ஒரே வினாத்தாளை ஏழு நாளில் இரண்டு முறை கொடுத்தால் மதிப்பெண் ஏறத்தான் செய்யும். முதல் தடவையே கேள்விகள் தெரிந்துவிட்டன. வெளியே வந்ததும் விடையைப் பேசிக்கொண்டிருப்பார்கள். கண்ட்ரோல் குரூப் (பயிற்சி தராத ஒப்பீட்டுக் குழு) இல்லாவிட்டால் இந்த ஏற்றத்தில் உங்கள் பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடியாது. பி மதிப்பு (வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கலாமா என்று காட்டும் எண்) 0.001 என்று வரும், அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

தலைப்பை மாற்ற வேண்டாம், இரண்டைச் சேருங்கள். ஒன்று, மூன்று மாதம் கழித்து மூன்றாவது தேர்வு. கேள்விகளின் கடினம் மாறாமல் வரிசையையும் கேஸ் விவரங்களையும் மாற்றிக் கொடுங்கள். இரண்டாவது, பயிற்சிக்கு முன்னும் பின்னும் வார்டில் நேரடியாகப் பார்க்கும் செக்லிஸ்ட்: சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் பிரேடன் ஸ்கோர் (படுக்கைப்புண் வரும் ஆபத்தைக் கணிக்கும் மதிப்பெண்) போட்டார்களா, குதிகால் மெத்தையில் படாமல் இருக்கிறதா, கடைசியாக எப்போது திருப்பிப் படுக்க வைத்தார்கள். இந்த மூன்று போதும். முப்பது ஐட்டம் வைத்தால் பத்தாவது நோயாளிக்கு மேல் நீங்களே கண்ணை மூடிக்கொண்டு டிக் போட ஆரம்பிப்பீர்கள்.

நோயாளியைத் திருப்பிய நேரத்தைக் குறிக்கும் டர்னிங் சார்ட்டைப் பார்த்து எழுதிக்கொண்டால் ஆகாதா? அதில்தான் எல்லாம் இருக்கிறதே.

ஆகாது. 8, 10, 12, 2 என்று ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஷிப்ட் முடியும்போது எழுதப்பட்ட சார்ட்டைப் பார்க்காத நர்ஸ் உண்டா? சார்ட்டில் இருப்பது எழுதியது. செய்தது வேறாக இருக்கலாம். குலுக்கல் முறையில் நேரம் எடுத்து, ஷிப்டுக்கு இரண்டு முறை வார்டுக்குள் நடந்து போங்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் இடப்பக்கம், வலப்பக்கம், மல்லாந்து என ஒன்றை மட்டும் குறியுங்கள். இரண்டு நேரத்துக்கு நடுவில் நிலை மாறியிருக்கிறதா என்று பிறகு சார்ட்டோடு ஒப்பிடலாம். இந்த ஒப்பீடே ஒரு நல்ல ரிசல்ட் டேபிள் ஆகும். சார்ட் எழுதியவரின் பெயரை டேட்டா ஷீட்டில் ஏற்றாதீர்கள். ஏற்றினால் அடுத்த வாரத்திலிருந்து அந்த வார்டில் உங்களுக்கு ஒத்துழைப்பு கிடைக்காது.

கண்காணிப்பது தெரிந்தாலே நடத்தை மாறும் என்பதால் முதல் சில நாள் பதிவுகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள். அப்படி விடப்போவதை முன்கூட்டியே புரோபோசலில் எழுதியிருக்க வேண்டும். டேட்டாவைப் பார்த்த பிறகு முடிவு செய்தால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

பிரேடன் ஸ்கோர் ஒவ்வொருவர் போட்டால் ஒவ்வொன்று வருகிறது. எங்கே தப்பு? (ஐ.சி.யு. ஸ்டாஃப் நர்ஸ்)

ஸ்கேல் ஆறு பகுதி கொண்டது: உணர்வு, ஈரம், நடமாட்டம், படுக்கையில் தானாக அசையும் திறன், உணவு, உராய்வும் இழுவிசையும். முதல் ஐந்துக்கு 1 முதல் 4, கடைசிக்கு 1 முதல் 3. மொத்தம் 6லிருந்து 23 வரை. எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். 18ம் அதற்குக் கீழும் ஆபத்துள்ளவர், 12ம் அதற்குக் கீழும் அதிக ஆபத்து, 9ம் அதற்குக் கீழும் மிக அதிகம்.

குழப்பம் வழக்கமாக மூன்று இடத்தில் வரும். நடமாட்டத்தையும் அசையும் திறனையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். கட்டிலை விட்டு இறங்காதவர் நடமாட்டத்தில் 1, ஆனால் தானே புரண்டு படுப்பவராக இருந்தால் அசையும் திறனில் 4 கூட வாங்கலாம். அடுத்தது உணவு. டயட் ஷீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து மார்க் போடுகிறார்கள். தட்டில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, கதீட்டர் இருக்கிறது என்பதற்காக ஈரத்துக்கு 4. வியர்வை, பேதி, டிரெயின் ஒழுகல் எல்லாம் ஈரம்தான்.

ஆய்வுக்குப் பயன்படுத்துமுன் இரண்டு பேர் தனித்தனியாக ஒரே நோயாளிகளைப் பார்த்து ஒத்துப்போவதைக் கணக்கிடுங்கள். ஸ்கேலுக்குக் காப்புரிமை உண்டு. அனுமதிக் கடிதம் தீசிஸ் பின்னிணைப்பில் இருக்க வேண்டும்.

90 சதவீதம் ஒத்துப்போனது என்று எழுதியிருக்கிறேன். எக்ஸாமினர் கப்பா எங்கே என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுப் பார்க்கும் அளவுதான் கப்பா. 50 நோயாளிகளை இரண்டு பேர் பார்த்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ‘புண் உண்டு’ என்றது 2 பேருக்கு, இருவரும் ‘இல்லை’ என்றது 43 பேருக்கு, மாறுபட்டது 5 பேருக்கு (முதலாமவர் மட்டும் உண்டு என்றது 3, இரண்டாமவர் மட்டும் 2). ஒத்தது 45, அதாவது 90 சதவீதம். ஆனால் பெரும்பாலோருக்குப் புண்ணே இல்லாதபோது இருவரும் கண்ணை மூடிக்கொண்டு ‘இல்லை’ என்றாலும் நிறைய ஒத்துப்போகும். இந்தக் கணக்கில் தற்செயலாக மட்டுமே 83.6 சதவீதம் ஒத்திருக்கும். அதைக் கழித்துக் கணக்கிட்டால் கப்பா 0.39தான். புண் உள்ளவர்களைக் கண்டுபிடிப்பதில் நீங்கள் இருவரும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். பயிற்சி எடுத்துக்கொண்டு மறுபடி பாருங்கள்.

தோல் இன்னும் உடையாத முதல் நிலைப் புண்ணை நம்மூர் நிறத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? புத்தகத்தில் ‘சிவந்திருக்கும்’ என்றுதான் இருக்கிறது.

அந்த வரி வெளிர் தோலுக்கு எழுதியது. அழுத்தி எடுத்தும் வெளுக்காத சிவப்பு என்பது கறுத்த தோலில் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். ஊதாவாகவோ சுற்றுப்புறத்தைவிடக் கறுப்பாகவோ தெரியலாம். அதனால் கைதான் முதல் கருவி. வால் எலும்பு, இடுப்பெலும்பின் பக்கம், குதிகால், கணுக்கால், தோள்பட்டை, தலையின் பின்புறம் ஆகியவற்றைப் புறங்கையால் தொட்டு, பக்கத்துத் தோலைவிடச் சூடா குளிர்ச்சியா, கெட்டியா தொளதொளப்பா, வலிக்கிறதா என்று குறியுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து விழட்டும். திருப்பிப் படுக்க வைத்த உடனே பார்க்காதீர்கள், அழுத்தத்தால் வந்த சாதாரணச் சிவப்பு அடங்கட்டும். டேட்டா ஷீட்டில் ‘சிவப்பு உண்டு/இல்லை’ என்று ஒரே ஒரு பத்தி வைத்தால் கறுத்த தோல் உள்ளவர்களின் முதல் நிலைப் புண் மொத்தமாகத் தவறிப்போய், ‘பயிற்சிக்குப் பின் முதல் நிலை குறைந்தது’ என்ற பொய்யான முடிவு வரும்.

இன்னொன்று: சிறுநீர், மலம் பட்டு வரும் தோல் அழற்சியைப் புண்ணாக எண்ணிவிடுகிறார்கள். அது எலும்பு மேட்டில் இல்லாமல் தொடை மடிப்பிலும் இரு பிட்டத்திலும் பரவலாக, ஓரம் தெளிவில்லாமல் இருக்கும். அதற்கு டேட்டா ஷீட்டில் தனிப் பத்தி வையுங்கள்.

இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்புவது கட்டாயமா? ஆய்வு வேறு சொல்கிறது என்கிறார்களே.

அமெரிக்கா, கனடா முதியோர் இல்லங்களில் பெர்க்ஸ்ட்ராம் குழு நடத்தி 2013ல் வெளியிட்ட ஆய்வு அது. 2, 3, 4 மணி நேர இடைவெளிகளுக்குள் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆனால் அங்கே எல்லோருக்கும் அடர்த்தியான ஃபோம் மெத்தை. ரெக்ஸின் போர்த்திய, நடுவில் பள்ளம் விழுந்த மெத்தைக்கு அந்த முடிவை அப்படியே கொண்டுவர முடியாது. உங்கள் வார்டில் 3 மணி நேரத்தைச் சோதிக்க ஆசையிருந்தால் முதலில் மெத்தையை எழுதுங்கள்: வகை, தடிமன், எத்தனை ஆண்டுப் பழசு. நம் தீசிஸ்களில் நான் தேடிக் கிடைக்காத தகவல் இதுதான்.

தண்ணீர் நிரப்பிய கிளவுஸைக் குதிகாலுக்கு அடியில் வைப்பதன் பயன் பற்றி ஆய்வு செய்யலாமா?

வேண்டாம். அது கூடாது என்றே வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. வளையம் போன்ற மெத்தையும் அப்படியே. தலையணையைக் கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் வைத்து, முழங்கால் லேசாக மடிந்திருக்க, குதிகால் காற்றில் நிற்க வேண்டும். செலவில்லாத இந்த வேலை எத்தனை கட்டிலில் நடக்கிறது என்று எண்ணினாலே ஒரு ஆய்வு.

ஸ்பிரிட், பவுடர் போட்டு பேக் கேர்?

ஸ்பிரிட் தோலை உலர்த்தும், பவுடர் மடிப்பில் கட்டியாகும். எலும்பு மேட்டில் சிவந்த இடத்தைத் தேய்ப்பது அடியிலுள்ள திசுவை மேலும் கெடுக்கும். விட்டுவிடுங்கள்.

30+30 எடுத்தால் புள்ளியியல்படி போதும் என்கிறார்கள். 30க்கு என்ன மகிமை?

மகிமை ஒன்றுமில்லை, பழக்கம்தான். அறிவு மதிப்பெண் போன்ற எண்ணில் பெரிய வித்தியாசம் வந்தால் 30+30 பிடித்துவிடும். புண் வந்ததா இல்லையா என்ற கேள்விக்குப் பிடிக்காது. உங்கள் வார்டில் 20 சதவீதம் பேருக்குப் புண் வருகிறது, அதை 10 ஆக்க நினைக்கிறீர்கள் என்றால், 80 சதவீதத் திறனும் (உண்மையான வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) 5 சதவீதப் பிழை அளவும் வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு குழுவுக்கே ஏறத்தாழ 200 பேர் வேண்டும். 30 பேரில் அது ஆறு பேருக்கும் மூன்று பேருக்கும் உள்ள வித்தியாசம். அப்படி ஒரு வித்தியாசம் தற்செயலாகவே வந்துபோகும்.

இதைவிட மோசமானது, ஒரு வார்டைச் சோதனைக் குழு, பக்கத்து வார்டைக் கண்ட்ரோல் என்று வைப்பது. வார்டு இன்சார்ஜ், நோயாளி வகை, நர்ஸ் எண்ணிக்கை எல்லாம் வேறு. வித்தியாசம் பயிற்சியால் வந்ததா வார்டால் வந்ததா என்று பிரிக்க வழியே கிடையாது. போதாக்குறைக்கு ஒரே வார்டு நோயாளிகள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பதால் எண்ணிக்கையையும் கூட்ட வேண்டும். வார்டுக்கு 20 பேர், உள்ளொற்றுமை (ஒரே வார்டு நோயாளிகள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்ற அளவு) 0.05 என்றால் 1.95 மடங்கு: 200 பேர் 390 ஆகிறார்கள். இவ்வளவும் ஒரு மாணவியால் முடியாது. முடிகிற வழி: ஒரே வார்டில் வாரம் ஒருமுறை, பயிற்சிக்கு முன் பன்னிரண்டு வாரம், பின் பன்னிரண்டு வாரம் புண் உள்ளவர்களை எண்ணி, வரைபடத்தில் கோடு எங்கே வளைகிறது என்று பார்ப்பது. ஷிப்டுக்கு எத்தனை நர்ஸ் இருந்தார்கள் என்பதையும் கூடவே குறியுங்கள். லிண்டா ஐகன் குழு பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் செய்து 2002ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும்போது அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. ஆள் எண்ணிக்கையை எழுதாத வார்டு ஆய்வை நான் நம்புவதில்லை.

எங்கள் அரசு மருத்துவமனையில் திருப்பிப் படுக்க வைப்பது அட்டெண்டராக வரும் வீட்டார்தான். அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தால், மறுநாள் வேறு ஆள் வந்து நிற்கிறார்.

அருமையான பிரச்சினை, இதையே ஆய்வாக்குங்கள். ஆளுக்குக் கற்றுக் கொடுக்காமல் கட்டிலுக்குக் கற்றுக் கொடுங்கள். கட்டிலின் கால்மாட்டில் படம் போட்ட அட்டை: இடம், மல்லாந்து, வலம், மூன்று கடிகார முகம். புதிதாக வருபவருக்குப் பழைய அட்டெண்டரே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கைமாறியதை அட்டையில் குறிக்க வேண்டும். பக்கவாட்டில் 90 டிகிரி நேராகக் கிடத்தாமல், முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து 30 டிகிரி சாய்ப்பதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். வாயால் சொல்வதற்கு மார்க் கிடையாது, செய்து காட்டினால்தான். இழுக்காமல் விரிப்போடு தூக்குவதற்கு இரண்டு ஆள் வேண்டும். இரவில் ஒரே அட்டெண்டர் இருக்கும் கட்டில்கள் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள், அங்கேதான் திட்டம் தோற்கும்.

டூல் வேலிடிட்டிக்கு (வினாத்தாள் அளக்க வேண்டியதை அளக்கிறதா என்பதற்கு) ஐந்து நிபுணர்கள் ‘நன்று’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். போதும்தானே? (டியூட்டர்)

கையெழுத்து மரியாதைக்கு, எண் வேண்டும். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் பொருத்தம் 1 முதல் 4 வரை கேளுங்கள். 3 அல்லது 4 போட்டவர்களின் விகிதம்தான் ஐட்டத்தின் மதிப்பு. ஐந்து பேர் என்றால் ஐவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆறு பேரோ அதற்கு மேலோ என்றால் 0.78க்குக் குறையாமல், எல்லா ஐட்டங்களின் சராசரி 0.90க்குக் குறையாமல். அடுத்தது, கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்ற நம்பகத்தன்மைக் கணக்கு: சரி/தவறு என்ற அறிவுக் கேள்விகளுக்கு கே.ஆர். 20, மனப்பாங்கு ஸ்கேலுக்கு க்ரோன்பாக் ஆல்பா, செக்லிஸ்டுக்கு இருவர் ஒப்பீடு. எல்லாவற்றுக்கும் ஆல்பா என்று எழுதுவது நம் தீசிஸ்களின் நிரந்தர வியாதி.

வயது, படிப்பு போன்ற பத்து டெமோகிராபிக் வேரியபிளுக்கும் அசோசியேஷன் பார்க்க வேண்டுமா?

காரணம் உள்ள இரண்டு மூன்று போதும். பத்தையும் 0.05 அளவில் சோதித்தால், உண்மையில் எதிலும் தொடர்பில்லாவிட்டாலும் ஒன்றாவது தற்செயலாக ‘சிக்னிஃபிகண்ட்’ ஆக ஏறத்தாழ 40 சதவீத வாய்ப்பு. ‘உணவுப் பழக்கத்துக்கும் அறிவுக்கும் தொடர்பு உண்டு’ என்ற வேடிக்கையான முடிவுகள் இப்படித்தான் பிறக்கின்றன.

சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதப் பராமரிப்புக் கல்வி என் தலைப்பு. கிராமத்தில் செய்கிறேன். எதை அளப்பது? (சமுதாய நலப் பிரிவு)

‘தினமும் பாதத்தைப் பார்ப்பீர்களா’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். பார்த்துக் காட்டச் சொல்லுங்கள். அடிப்பாதத்தைப் பார்க்கக் குனிய முடிகிறதா, கண்ணாடி வைத்திருக்கிறார்களா, விரல் இடுக்கைத் துடைக்கிறார்களா. விரல் இடுக்கில் ஊறல், வெடிப்பு, நகம் வெட்டிய விதம், வாசலில் கிடக்கும் செருப்பின் தேய்மானம் இவை கண்ணுக்குத் தெரிபவை.

உணர்வுச் சோதனைக்கு 10 கிராம் மோனோஃபிலமெண்ட் (10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை). முதலில் கையில் தொட்டுக் காட்டி, பிறகு கண்ணை மூடச் சொல்லி, பெருவிரல் அடி, முதலாம், ஐந்தாம் விரல்களின் அடிமேடு ஆகிய இடங்களில் இழை வளையும் வரை ஒன்றிரண்டு நொடி அழுத்துங்கள். காய்ப்பு உள்ள இடத்தில் வேண்டாம். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு முறை தொட்டு, ஒருமுறை தொடாமலே கேளுங்கள். மூன்றில் இரண்டு சரியென்றால் உணர்வு உண்டு. பத்துப் பதினைந்து பேருக்குப் பிறகு இழைக்கு 24 மணி நேரம் ஓய்வு வேண்டும். ஒரே இழையால் காலையிலிருந்து ஐம்பது பேரைப் பார்த்தால் இழை தளர்ந்து, கடைசியில் வந்தவர்களுக்கு மட்டும் உணர்வு குறைந்ததுபோல் வரும்.

கண்ட்ரோல் கிராமம் பற்றி ஒரு எச்சரிக்கை: 2021 ஆகஸ்ட் 5 முதல் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களின் வீட்டுக்கே ஆள் போகிறது. உங்கள் கண்ட்ரோல் குழுவும் அறிவுரை கேட்டுக்கொண்டுதான் இருக்கும். கடைசி மூன்று மாதத்தில் யார் வந்தார், பாதத்தைப் பார்த்தாரா என்ற இரண்டு கேள்விகளை இரு குழுவுக்கும் கேட்டுவிடுங்கள்.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இருக்கிறது. சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவும் வேண்டுமா? டேட்டா எடுத்து முடித்த பிறகு பதியலாமா?

நோயாளிக்கு ஏதாவது செய்து பலனை ஒப்பிட்டால் பதியுங்கள், கட்டணம் இல்லை. 2018 ஏப்ரல் 1 முதல், ஆய்வில் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன் வரும் பதிவைத்தான் ஏற்கிறார்கள், அதனால் முடித்த பிறகு வழியில்லை. விண்ணப்பத்தில் திருத்தம் கேட்டுத் திரும்பி வரும்; டேட்டா தொடங்கும் தேதியை அதற்கு இடம்விட்டு வையுங்கள். கண்ட்ரோல் குழுவுக்கு வழக்கமான பராமரிப்பு முழுதாகக் கிடைக்கும் என்பதையும் அதில் விவரமாக எழுதுங்கள். ‘கண்ட்ரோல் குழு: எதுவும் தரப்படாது’ என்று எழுதினால் படுக்கைப்புண் ஆய்வில் அது திருப்பிப் போடாமல் விடுவது என்று அர்த்தமாகும், எந்தக் கமிட்டியும் அதை ஒத்துக்கொள்ளாது.