மெமரி 72 சதவீதம் என்றால் சுவிட்சை ரீபூட் செய்ய வேண்டுமா?

கேள்வி: ஒரு கல்லூரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வாங்கிய சிஸ்கோ 9300 சுவிட்ச் எப்போதும் 72 சதவீத மெமரியில் நிற்கிறது. மானிட்டரிங் திரையில் சிவப்பு விளக்கு அணைவதே இல்லை. விடுதியில் உள்ள பழைய 2960-எக்ஸ் சுவிட்ச் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை எஸ்எஸ்ஹெச்சில் (தூரத்திலிருந்து சுவிட்சுக்குள் நுழையும் வழி) நுழைய விடாமல் அடம்பிடிக்கிறது. ரீபூட் செய்தால் சரியாகிவிடும். ரீபூட் செய்த அன்று 90 எம்பி காலியாக இருந்தது, 15 நாள் கழித்து 60 எம்பி. வாரம் ஒருமுறை இரண்டையும் ரீபூட் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: 9300-ஐத் தொடாதீர்கள். 2960-எக்ஸில் உண்மையாகவே ஏதோ கசிகிறது, அதாவது ஏதோ ஒரு நிரல் வாங்கிய மெமரியைத் திருப்பித் தருவதில்லை. ஆனால் ரீபூட் செய்யும் ஒவ்வொரு முறையும் அது எங்கே கசிகிறது என்ற தடயத்தை நீங்களே அழித்துவிடுகிறீர்கள்.

9300-இல் அடியில் ஓடுவது லினக்ஸ். நாம் பார்த்துப் பழகிய ஐஓஎஸ் (சிஸ்கோவின் இயங்குதளம்) அதன் மேல் ஒரு பிராசஸாக, அதாவது ஓடும் நிரல்களில் ஒன்றாக ஓடுகிறது. சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் வீணாக விடாது. டிஸ்கிலிருந்து படித்த கோப்புகளை அதில் வைத்துக்கொள்ளும், வேறு யாராவது கேட்டால் விட்டுக்கொடுக்கும். மானிட்டரிங் மென்பொருள் பெரும்பாலும் இதையும் சேர்த்தே 'செலவு' என்று கணக்குக் காட்டுகிறது. 'ஷோ பிளாட்ஃபார்ம் சாஃப்ட்வேர் ஸ்டேட்டஸ் கண்ட்ரோல்-பிராசஸர் பிரீஃப்' என்று அடியுங்கள். மெமரி வரிசையில் 'ஹெல்தி' என்று இருந்து, 72 என்பது மாதக்கணக்கில் 72-ஆகவே நின்றால் கவலைப்பட எதுவுமில்லை. பல சுவிட்சுகளை ஒன்றுபோல இயங்க ஸ்டாக்காக இணைத்திருந்தால் ஒவ்வொரு சுவிட்சின் வரியையும் தனித்தனியே பாருங்கள்.

இனி விடுதி சுவிட்ச். நீங்கள் தந்த எண்களையே வகுத்துப் பாருங்கள்: 15 நாளில் 30 எம்பி, நாளுக்கு 2 எம்பி. 90 எம்பி தீர 45 நாள். நீங்கள் சொன்ன ஒன்றரை மாதம் அச்சு மாறாமல் வருகிறது! சதவீதத்தை விட இந்தச் சரிவுதான் முக்கியம். 40 சதவீதத்தில் இருந்துகொண்டு தினமும் ஏறும் சுவிட்ச், 80 சதவீதத்தில் அசையாமல் நிற்கும் சுவிட்சை விட ஆபத்தானது.

ஆனாலும் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். எஸ்எஸ்ஹெச் மறுப்பதற்கு மெமரி மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு தொழிற்சாலையில் இரண்டு வாரம் மெமரியையே துரத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், கான்ஃபிக் பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று ஒழுங்காக வெளியேறாமல் இணைப்பை அறுத்துக்கொண்டிருந்தது. 'எக்ஸெக்-டைம்அவுட் 0 0' (சும்மா இருந்தாலும் வெளியேற்றாதே) என்று போட்டிருந்ததால் அந்த செஷன்கள் சாகவே இல்லை. தூரத்திலிருந்து நுழைவோருக்கான 16 விடிஒய் லைன்களும் நிரம்பியிருந்தன. அடுத்த முறை மாட்டிக்கொண்டால் கன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு நேரில் போய் 'ஷோ யூசர்ஸ்' பாருங்கள். லைன்கள் நிரம்பியிருந்தால் அது வேறு நோய். டைம்அவுட்டை 10 நிமிடமாக்கி, மறுமுனை போய்விட்ட இணைப்புகளை மூடும் 'சர்வீஸ் டிசிபி-கீப்அலைவ்ஸ்-இன்' சேர்த்தால் போதும்.

மெமரிதான் தீர்ந்தது என்றால் லாகில் 'மல்லாக்ஃபெயில்' என்ற செய்தி இருக்கும். அதை முழுசாகப் படியுங்கள். எந்தப் பூல் (மெமரிப் பகுதி) என்று சொல்லும்: பிராசஸ்களுக்கான பிராசஸரா, பாக்கெட்டுகளுக்கான ஐ/ஓவா. காரணத்தையும் சொல்லும்: இடமே இல்லையா, அல்லது இடம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறதா. சிதறல் என்றால் 'ஷோ மெமரி சம்மரி'யில் 'ஃப்ரீ' தாராளமாக இருக்கும், 'லார்ஜஸ்ட்' மட்டும் சிறுத்திருக்கும். மொத்தமாக இடம் இருந்தும், கேட்ட அளவுக்கு ஒரே துண்டாகக் கிடைக்காத நிலை அது. இந்த லாக் இருப்பதும் ரேமில்தான் என்பதால் ரீபூட்டோடு போய்விடும். ஆகவே இன்றே ஒரு சிஸ்லாக் சர்வருக்கு (லாகைச் சேமித்து வைக்கும் வேறு கணினி) அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். போகிற போக்கில் லாகுக்கு ரேமில் ஒதுக்கிய 'லாகிங் பஃபர்ட்' அளவையும் பாருங்கள். யாராவது பல எம்பி ஒதுக்கி வைத்திருந்தால் குறையுங்கள்.

அடுத்து, குற்றவாளியைத் தேடும் வேலை. 'ஷோ பிராசஸஸ் மெமரி சார்ட்டட்' வெளியீட்டைத் தினமும் ஒரே நேரத்தில் எடுத்துச் சேமியுங்கள். 'அலொகேட்டட்' எண்ணைக் கண்டு பயப்படாதீர்கள். பூட் ஆனதிலிருந்து வாங்கிய மொத்தம் அது, திருப்பித் தந்ததைக் கழிக்காமல் காட்டும். பார்க்க வேண்டியது 'ஹோல்டிங்', அதாவது இப்போது கையில் வைத்திருப்பது. முதலிடத்தில் நிற்கும் பிராசஸையே குற்றவாளி என்று நினைத்துவிட வேண்டாம். 'இனிட்' எப்போதுமே நிறைய வைத்திருக்கும். ஒரு வார இடைவெளியில் எடுத்த இரண்டு பட்டியல்களை அருகருகே வைத்து, எந்த வரி வளர்ந்திருக்கிறது என்று பாருங்கள். 'டெட்' என்ற வரி வளர்ந்தால், முடிந்துபோன பிராசஸ்கள் மெமரியைத் திருப்பித் தராமல் போயிருக்கின்றன என்று அர்த்தம்.

விடுதி என்பதால் நேரம் முக்கியம். மாலையில் நூற்றுக்கணக்கான போன்கள் வந்து சேரும்போது அவற்றைச் சரிபார்த்துக் கணக்கு வைக்கும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங், டிவைஸ் டிராக்கிங், 802.1எக்ஸ் வசதிகள் எல்லாம் மெமரி கேட்கும். அது நியாயமான செலவு. விடியற்காலை 3 மணிக்கு எடுங்கள். எல்லாரும் தூங்கிய பிறகும் முந்தைய நாளை விடக் கூடுதலாக இருந்தால்தான் கசிவு.

ஐ/ஓ பூல் என்றால் 'ஷோ பஃபர்ஸ்' பாருங்கள். 'ஷோ இன்டர்ஃபேசஸ்' வெளியீட்டில் ஏதாவது இன்டர்ஃபேஸின் இன்புட் கியூ '76/75' (75 இடத்தில் 76) என்று உறைந்து நின்றால், பாக்கெட்டுகள் உள்ளே வந்து வெளியேறாமல் சிக்கியிருக்கின்றன.

'ஷோ மெமரி டீபக் லீக்ஸ்' என்ற கட்டளையை இணையத்தில் யாராவது பரிந்துரைப்பார்கள். வகுப்பு நேரத்தில் அடிக்கவே அடிக்காதீர்கள். அது சிபியுவைக் கடுமையாக உறிஞ்சும். நேரத்தோடு ஓட வேண்டிய புரோட்டோகால்கள் தடுமாறும்.

வளரும் வரி தெரிந்ததும், அந்த வசதி உங்களுக்குத் தேவையா என்று கேளுங்கள். வெப் பக்கத்தைப் பயன்படுத்தாதவர்கள் 'நோ ஐபி எச்டிடிபி சர்வர்' போடலாம். 'நோ விஸ்டாக்' போட்டு ஸ்மார்ட் இன்ஸ்டாலை (புதிய சுவிட்சைத் தானாக அமைக்கும் வசதி) நிறுத்துவது மெமரிக்காக இல்லாவிட்டாலும் அவசியம். 2018-இல் அதில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியானது. தேவையான வசதியே கசிகிறது என்றால், அந்தப் பிராசஸின் பெயரை ஐஓஎஸ் ரிலீஸ் நோட்ஸில் தேடி, திருத்தம் வந்த பதிப்புக்கு மாறுவதே நிரந்தரத் தீர்வு. சப்போர்ட் ஒப்பந்தம் இருந்தால் உங்கள் தினசரிப் பட்டியல்களை அனுப்புங்கள். வெறுமனே 'மெமரி அதிகம்' என்று எழுதுவதை விட வேலை விரைவாக நடக்கும்.

மெமரி என்ற சொல்லால் இன்னொரு குழப்பமும் வரும். மேக் முகவரிகளும் ரூட்டுகளும் பதிவாகும் வன்பொருள் அட்டவணை வேறு, இந்த ரேம் வேறு. 2014 ஆகஸ்ட் 12 அன்று இணையத்தின் ரூட்டுகள் 5,12,000-ஐத் தாண்டியபோது பல பழைய சாதனங்கள் திணறியது அந்த அட்டவணை நிரம்பியதால்தான். உங்கள் சிக்கல் அதுவல்ல. மாணவர்களின் டிராஃபிக்கும் ரேம் வழியாகப் போவதில்லை, அதற்கென்றே உள்ள ஏசிக் சிப்பே அனுப்பிவிடும். ஆனால் லூப் (பாக்கெட்டுகள் முடிவின்றிச் சுற்றுவது) வராமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ ஓடுவது சிபியுவில். அதற்கு மெமரி கிடைக்காமல் போனால் லூப் வரைக்கும் போகலாம். எஸ்எஸ்ஹெச் மட்டும்தானே போகிறது என்று 45-ஆம் நாள் வரை விடாதீர்கள்.

புதிய பதிப்பு ஏற்றும் வரை ரீபூட் தேவைதான், ஆனால் வாரம் ஒருமுறை வேண்டாம். 30 நாளுக்கு ஒருமுறை, ஞாயிறு அதிகாலையில் போதும். அதற்கு முன் 'ஷோ டெக்-சப்போர்ட்' (சுவிட்சின் முழு நிலை அறிக்கை) எடுத்து வையுங்கள், கான்ஃபிக்கைச் சேமியுங்கள். அந்தச் சுவிட்ச் பிஓஇ வகை (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் தருவது) என்றால் அதில் மின்சாரம் எடுக்கும் கேமராக்களும் வைஃபை கருவிகளும் சில நிமிடம் அணையும். காவலரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குறித்த நேரத்தில் ரீபூட் செய்யும் 'ரீலோட் அட்' கட்டளைக்குச் சுவிட்சின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும், ஆகவே முதலில் என்டிபி (நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் வசதி) வேலை செய்கிறதா என்று பாருங்கள்.