ஸ்கேன் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்டருக்கு எல்லாம் தெரியுமா?

கேட்டிருப்பது இது: அப்பாவின் தலை ஸ்கேன் ஃபிலிமை போனில் படம் எடுத்து வெளியூர் டாக்டருக்கு அனுப்பலாமா? பார்வைக்கு ஒரே மாதிரிதானே இருக்கிறது?

அவசரத்துக்கு ஒரு வார்த்தை கேட்க அனுப்பலாம். அதை வைத்து முடிவு மட்டும் எடுத்துவிடாதீர்கள். மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் 11 வருஷமாக சி.டி. ஸ்கேன் (CT) மெஷினில் வேலை பார்க்கிறேன். அங்கே நடந்ததையே சொல்கிறேன்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு பெரியவரை மகன் கூட்டி வந்தார். முந்தின நாள் ராத்திரி வண்டியிலிருந்து விழுந்திருக்கிறார், தலைவலி நிற்கவில்லை. ஸ்கேன் எடுத்து ஃபிலிம் கொடுத்தோம், ரிப்போர்ட் வரக் கொஞ்சம் நேரமாகும் என்றோம். மகன் ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து போட்டோ எடுத்து, சொந்தத்தில் இருக்கும் ஒரு டாக்டருக்கு அனுப்பிவிட்டார். அவர், "இதுல பெருசா ஒண்ணும் தெரியல, எதுக்கும் ரிப்போர்ட்டப் பாருங்க" என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இவர் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்திருக்கிறது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டார்.

இங்கே எங்கள் ரேடியாலஜிஸ்ட், அதாவது ஸ்கேனைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர், கம்ப்யூட்டரில் மூலப் படத்தைத் திறந்தார். சி.டி. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீர் 0, காற்று -1000, மூளை ஏறக்குறைய 30, 40, புது ரத்தம் 50லிருந்து 80 வரை, மண்டை எலும்பு பல நூறு. இத்தனையையும் ஒரே நேரத்தில் சாம்பல் நிறங்களாகக் காட்டினால் கண்ணுக்குப் பிரித்தறிய முடியாது. அதனால் மூளைக்கென்று 0 முதல் 80 வரை மட்டும் விரித்துக் காட்டுவோம். இதைத்தான் விண்டோ என்போம். 80க்கு மேல் எல்லாம் ஒரே வெள்ளை. எலும்பை ஒட்டி மெல்லிய கோடாக ரத்தம் இருந்தால், அதுவும் கிட்டத்தட்ட வெள்ளையாகி எலும்போடு சேர்ந்துவிடும். அவர் மௌஸை இழுத்து விண்டோவை 200 அளவுக்கு அகலமாக்கினார். மண்டை ஓட்டின் உள்பக்கம், நகக்கீற்று அளவுக்கு ஒரு சாம்பல் பட்டை தனியே பிரிந்து வந்தது.

போட்டோவில் இந்த இழுப்பு நடக்காது. எண்கள் போய்விட்டன, நிறம் மட்டும்தான் மிச்சம். அந்த நிறமும் வெறும் 256 படி. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குவதால்தான் தரம் போகிறது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். சுருக்குவதற்கு முன்னாலேயே பாதி போயிருக்கும். ஃபிலிமிலும் எல்லாப் படமும் இருக்காது. தலையைக் குறுக்கே வெட்டினாற்போல் எடுக்கும் மெல்லிய ஸ்லைஸ் படங்கள் 200க்கு மேல் இருக்கும், தாளில் அதெல்லாம் ஏறாது.

அப்புறம்தான் சுருக்கம். போட்டோக்களைச் சுருக்கும் ஜேபெக் (JPEG) முறை படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் மெதுவாக மாறும் நிறத்தைக் காப்பாற்றிவிட்டு, சட்சட்டென்று மாறும் நுணுக்கத்தைத் தோராயமாக்கும். ஒரு சுங்குடிச் சேலையை முழுதாகப் போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி, வந்ததைப் பெரிதாக்கிப் பாருங்கள். சேலை சேலையாகத்தான் இருக்கும். முடிச்சுப் புள்ளிகளின் விளிம்பு கலங்கியிருக்கும். முடி அளவு எலும்புக் கீறலும், நுரையீரலில் உள்ள சின்னக் கட்டியும் இந்தப் புள்ளி ஜாதிதான்.

எல்லாச் சுருக்கமும் தப்பில்லை. இழப்பில்லாத சுருக்கம் ஒன்று உண்டு. அளவு பாதியாகும், சில சமயம் மூன்றில் ஒன்றாகும், திறந்தால் ஒரு புள்ளி மாறாமல் திரும்ப வரும். இழப்புள்ள சுருக்கத்துக்கும் கனடா, ஜெர்மனி போன்ற நாடுகளின் ரேடியாலஜி அமைப்புகள் எந்தப் படத்தை எவ்வளவு சுருக்கலாம் என்று வரம்பு வகுத்திருக்கின்றன. வாட்ஸ்அப்புக்கு அந்த வரம்பெல்லாம் தெரியாது. ஸ்கேன் படமா, கல்யாணப் போட்டோவா என்று அது பார்ப்பதில்லை.

அதனால் சென்டரில் ஃபிலிமோடு நிற்காமல், "டைகாம் ஃபைல் வேணும்" என்று கேளுங்கள். எண்களெல்லாம் அப்படியே இருக்கும் மூலப் படம் அதுதான். டிஸ்க்கில் தருவார்கள், பென்டிரைவ் கொடுத்தால் சில இடங்களில் அதிலும் ஏற்றுவார்கள். ஒரு ஸ்லைஸ் 512க்கு 512 புள்ளி, அரை எம்பி. 250 ஸ்லைஸ் என்றால் 125 எம்பி. ஃபோல்டரை அப்படியே ஜிப் செய்து, போட்டோவாக இல்லாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் வாட்ஸ்அப்பிலேயே குறையில்லாமல் போகும். டாக்டர் தன் கம்ப்யூட்டரில் விண்டோவை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வார்.

அந்த மகனுக்கு நான்தான் போன் போட்டேன். "தம்பி, அப்பாவக் கூட்டிட்டுத் திரும்பி வாங்க, டாக்டர் பேசணும்கிறாங்க."

"அண்ணே, ஒண்ணுமில்லன்னு மாமா சொல்லிட்டாரே!"

"மாமா பாத்தது போட்டோ. நீங்க வாங்க."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் இறங்கி ஆட்டோவில் வந்தார்கள். பெரியவரை அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்து, மறுநாள் மறுபடி ஸ்கேன் எடுத்தோம். பட்டை வளரவில்லை. ஆபரேஷன் இல்லாமலே வீட்டுக்குப் போனார்.